சொந்த இசைத் தொகுப்புக்கு ஃபார்மட்டும் மென்பொருளும்: எதை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: சுமார் 500 ஆடியோ சிடிகள், பல வருடங்களாகச் சேர்ந்த எம்பி3 கோப்புகள், இணையத்தில் வாங்கிய சில 24 பிட் ஆல்பங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கிக் கணினியிலும் போனிலும் கேட்க வேண்டும். ஃபிளாக், ஏலாக், வேவ், எம்பி3, ஓபஸ் இவற்றில் எது சரி? எந்த மென்பொருளை நம்பி இறங்கலாம்?

பதில்:

சிடிகளை ஃபிளாக்கில் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் வடிவம்) ரிப் செய்யுங்கள், அதாவது கணினியில் கோப்புகளாக எடுங்கள். வாங்கிய 24 பிட் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3களைத் தொடாதீர்கள். போனுக்குத் தனியாக ஓபஸ் அல்லது ஏஏசி வடிவத்தில் சிறிதாகச் சுருக்கிய நகல் எடுங்கள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

பொறுமை இருந்தால் மேலே படியுங்கள். இந்த விஷயத்தில் சண்டையெல்லாம் ஃபார்மட்டைப் பற்றித்தான் நடக்கிறது. நஷ்டம் வருவதோ வேறு இடத்தில். ஃபிளாக்கில் வைத்ததை நாளைக்கே ஏலாக்காக (ஆப்பிளின் லாஸ்லெஸ் வடிவம்) மாற்றலாம், பிடிக்கவில்லையென்றால் மறுபடி ஃபிளாக்காக்கலாம். ஒரு பிட் கூடக் குறையாது. பின்னால் சரிசெய்ய முடியாதவை மூன்றுதான். ஒலியை எம்பி3 போன்ற லாஸி வடிவத்துக்கு (ஒலியின் ஒரு பகுதியை வெட்டிச் சுருக்குவது) மாற்றிவிட்டு மூலத்தை அழிப்பது. தப்பாக ரிப் செய்துவிட்டு சிடியைக் கைமாற்றிவிடுவது. பாடல் விவரம், ஸ்டார் மதிப்பீடு, பிளேலிஸ்ட் எல்லாவற்றையும் கோப்பில் எழுதாமல் ஒரு மென்பொருளின் டேட்டாபேஸுக்குள் மட்டும் வைப்பது. கவனத்தையெல்லாம் இந்த மூன்றில் செலவழித்தால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மூலப் பிரதி

சிடியில் உள்ள ஒலி 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், இரண்டு சேனல். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி. ஃபிளாக் இதைப் பெரும்பாலும் 350 முதல் 410 எம்பிக்குள் கொண்டுவந்துவிடும். 500 சிடிக்கு 200 ஜிபி ஒதுக்கினால் தாராளம். இன்றைய ஹார்ட் டிஸ்க் அளவில் இது ஒரு மூலைக்குத்தான் காணும், எனவே இடம் போதாது என்பதற்காக மூலத்தை எம்பி3யில் வைக்க வேண்டிய காலம் போய்விட்டது.

எவ்வளவு சுருங்கும் என்பது பதிவைப் பொறுத்தது. முழுக்க உரத்த ஒலியாக மாஸ்டர் செய்த ராக் ஆல்பம் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். தனிக்குரலோ தனி வாத்தியமோ பாதிக்கும் கீழே போகும். சிடியில் வெளியான பழைய மோனோ பதிவுகள் இன்னும் சுருங்கும்: இரண்டு சேனலும் ஒன்றாக இருப்பதால் அவற்றின் வித்தியாசம் பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தைச் சேமிக்க ஃபிளாக்குக்கு இடமே தேவையில்லை. ஆகவே கோப்பு சிறியதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை சுருக்க நிலைகள் உண்டு. இது தரத்தின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. எந்த நிலையிலும் வெளிவரும் ஒலி ஒன்றேதான். நிலை 8 என்றால் என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், கொஞ்சம் கூடுதலாக மெனக்கெடும், அவ்வளவே. இயல்பாக அமைந்திருக்கும் 5க்கும் 8க்கும் அளவில் சுமார் ஒரு சதவீதம்தான் வேறுபடும். எதை வைத்தாலும் சரி.

ஃபிளாக்கைப் பரிந்துரைக்க உண்மையான காரணம் வேறு. ஒவ்வொரு ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியிலும், சுருக்குவதற்கு முன்பிருந்த ஒலியின் எம்டி5 கையெழுத்து (அந்த ஒலியிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) எழுதப்பட்டிருக்கும். பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பைச் சோதனை முறையில் விரித்துப் பார்த்து, கையெழுத்து பொருந்துகிறதா என்று கேட்கலாம். பொருந்தினால் ஒலி அப்படியே இருக்கிறது. டேக்கையோ (கோப்புக்குள் எழுதும் பாடல் விவரம்) அட்டைப்படத்தையோ எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கையெழுத்து மாறாது, ஏனென்றால் அது ஒலிக்கு மட்டும் போட்டது. வேவிலும் ஏலாக்கிலும் இந்த வசதி கிடையாது. அதோடு ஃபிளாக் திறந்த வடிவம். 2024 டிசம்பரில் ஆர்எஃப்சி 9639 என்று இணையத் தரநிலையாகவும் வெளியாகிவிட்டது. ஒரு நிறுவனம் மூடினால் சேர்ந்து போய்விடும் சரக்கு அல்ல.

வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) ‘சுத்தமானது’ என்பதால் அதில் வைப்பவர்கள் உண்டு. ஒலியில் ஒரு வித்தியாசமும் இல்லை; கஷ்டம்தான் கூடுதல். வேவுக்குள் டேக் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் இருப்பதால், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று காட்டாது. கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட் எண் பயன்படுத்துவதால் 4 ஜிபிக்கு மேல் போகவும் முடியாது. ரெக்கார்டிங் நடக்கும்போது வேவ் சரி. அலமாரியில் அடுக்க வேண்டாம்.

ஏலாக்: உங்கள் சாதனங்கள் எல்லாமே ஆப்பிள் என்றால் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஆப்பிள் மியூசிக் நூலகத்தில் ஃபிளாக் ஏறாது, ஏலாக் ஏறும். 2011ல் ஆப்பிள் இதன் மூல நிரலைத் திறந்துவிட்டதால் மற்ற பிளேயர்களும் வாசிக்கின்றன. ஒரே எரிச்சல், ஏலாக்குக்கும் ஏஏசிக்கும் கோப்பின் கடைசிப் பெயர் ஒன்றே: எம்4ஏ. எது லாஸ்லெஸ், எது லாஸி என்று ஃபோல்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிளேயரின் பட்டியலில் கோடெக் (சுருக்கும் முறை) என்ற நெடுவரிசையைத் திறந்து வைத்தால்தான் தெரியும்.

மங்கீஸ் ஆடியோ, டபிள்யூஎம்ஏ லாஸ்லெஸ் போன்ற வேறு லாஸ்லெஸ் வடிவங்களில் ஏதாவது இருந்தால் இப்போதே ஃபிளாக்காக மாற்றிவிடுங்கள். மாற்றியதும் ஃபூபார்2000 என்ற பிளேயரில் பைனரி கம்பாரேட்டர் என்ற துணைக்கருவியை இணைத்து இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழையதை அழியுங்கள். விதிவிலக்கு ஒன்று: ஸ்டுடியோ வேலையில் வரும் 32 பிட் ஃப்ளோட் கோப்புகளை ஃபிளாக் ஏற்காது. அவற்றுக்கு வேவ்பேக் என்ற லாஸ்லெஸ் வடிவம் உண்டு.

24 பிட் ஆல்பங்களைப் பற்றிச் சுருக்கமாக. 16 பிட்டிலேயே சுமார் 96 டெசிபல் வீச்சு கிடைக்கிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகிறது. மனிதக் காதுக்கு இது போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஆல்பம் சுருக்கும் முன் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்கு மேல் தின்னும். ஆனாலும் வாங்கியதைக் குறைத்து வைக்கச் சொல்ல மாட்டேன். அந்த வெளியீட்டின் மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடுவது) சிடியிலிருந்து வேறாக இருக்கலாம், காதில் படும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், எண்ணில் அல்ல. டிஎஸ்டி (சூப்பர் ஆடியோ சிடியின் ஒலி வடிவம்) கோப்புகளை வைத்திருப்பவர்கள் டிஎஃப்எஃப் வடிவத்தை விட்டு டிஎஸ்எஃப் எடுங்கள், டேக் ஒழுங்காக நிற்பது அதில்தான். உயர்தர ஒலியைச் சுருக்கி ஸ்ட்ரீம் செய்ய வந்த எம்க்யூஏ வடிவத்தை நாட வேண்டாம். அதை உருவாக்கிய நிறுவனம் 2023 ஏப்ரலில் திவால் நடவடிக்கைக்குள் போய், அதே வருடம் லென்புரூக் நிறுவனத்தின் கைக்கு மாறியது. டைடல் ஸ்ட்ரீமிங் சேவை 2024 ஜூலையில் அதைக் கைவிட்டது.

போனுக்கான நகல்

நகல் என்பது எப்போது வேண்டுமானாலும் அழித்து மறுபடி உருவாக்கக்கூடியது. அதனால் இங்கே தாராளமாகச் சுருக்கலாம்.

ஓபஸ் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 58 எம்பி. 500 மணி நேர இசை 29 ஜிபிக்குள் அடங்கிவிடும். பெரும்பாலானவர்களால் இதற்கும் மூலத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஓபஸ் உள்ளுக்குள் 48 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்கும், எனவே 44.1ல் கொடுத்த பாடல் 48 என்று காட்டினால் பதற வேண்டாம். பழைய கார் ஸ்டீரியோவுக்கு ஓபஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆப்பிள் மியூசிக்கும் ஏற்காது. ஐபோனுக்கு ஏஏசி 256 எடுங்கள். ஆப்பிளின் சொந்த என்கோடரே தரத்தில் முன்னால் நிற்கிறது, விண்டோஸிலும் அதைக் க்யூஏஏசி என்ற கருவி மூலம் பயன்படுத்தலாம்.

எந்தப் பெட்டியில் செருகினாலும் பாட வேண்டும் என்றால் இன்றைக்கும் எம்பி3தான். லேம் என்ற எம்பி3 என்கோடரின் தர அமைப்பில் வி0 என்றால் சராசரி 245 கேபிபிஎஸ், வி2 என்றால் 190 சுற்றி வரும். 320 நிலையான பிட்ரேட்டில் எடுப்பது பழக்கதோஷம். அமைதியான இடத்துக்கும் அதே 320ஐக் கொட்டுகிறது.

எம்பி3யில் தெரிந்துகொள்ள வேண்டிய கோளாறு இடைவெளி. அதன் ஒவ்வொரு ஃபிரேமும் (ஒலித் துண்டு) 1152 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு), அதாவது சுமார் 26 மில்லிநொடி. பாடல் சரியாக அந்தக் கணக்கில் முடியாது. மீதியை என்கோடர் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் சேர்க்கும். தனிப்பாடல்களில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு பாட்டு அடுத்ததற்குள் வழிந்தோடும் நேரலைப் பதிவிலோ ஒபேராவிலோ ஒவ்வொரு எல்லையிலும் ஒரு விக்கல் கேட்கும். எத்தனை சாம்பிளை வெட்ட வேண்டும் என்பதை லேம் தன் தலைப்பில் எழுதிவைக்கிறது, நல்ல பிளேயர் அதைப் படித்து வெட்டிவிடும். படிக்காத பிளேயரில் விக்கல் விக்கல்தான். ஃபிளாக்கில் இந்தப் பிரச்சினையே எழாது.

புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: போன் எதை வாசித்தாலும் காற்றில் அனுப்பும் முன் எஸ்பிசி, ஏஏசி, எல்டேக் என்று ஏதோ ஒன்றில் மறுபடி சுருக்குகிறது. எஸ்பிசி வழக்கமாக 328 கேபிபிஎஸ். எல்டேக் அதிகபட்சம் 990. போனில் ஃபிளாக் நிரப்பிவிட்டு அதை எஸ்பிசியில் கேட்பதால் பேட்டரிக்கும் லாபமில்லை, காதுக்கும் லாபமில்லை.

இந்த நகல்களை மூலத்தோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கில் ‘மூலம்’, ‘நகல்’ என்று இரண்டு தனி ஃபோல்டர்கள் வையுங்கள், பிளேயர் மூலத்தை மட்டும் ஸ்கேன் செய்யட்டும். கலந்தால் ஒவ்வொரு ஆல்பமும் இரட்டையாகத் தெரியும். சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து ஃபிளாக்கை அழித்து ஓபஸை வைத்துக்கொள்ளும் விபத்து அப்போதுதான் நடக்கும்.

ரிப் செய்வது

ஆடியோ சிடி டேட்டா சிடி மாதிரி அல்ல. டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கு இதில் கிடையாது. கீறல் விழுந்த இடத்தில் டிரைவ் ஊகித்து நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அதனால் ‘காப்பி முடிந்தது’ என்று திரையில் வந்ததை நம்பக் கூடாது.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அல்லது க்யூரிப்பர் இலவசம், டிபிபவர்ஆம்ப் காசு கொடுத்து வாங்குவது. மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர். இவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, கடைசியில் கிடைத்த செக்சம்மை (சரிபார்ப்பு எண்) ஆக்யுரேட்ரிப் டேட்டாபேஸோடு ஒப்பிடும். அதே சிடியை வேறு டிரைவ்களில் ரிப் செய்த மற்றவர்களுக்கும் அதே எண் வந்திருந்தால் உங்கள் ரிப் சரி. இந்த ஒப்பீடு நடக்க டிரைவின் ரீட் ஆஃப்செட் சரியாக அமைய வேண்டும். ஒவ்வொரு மாடல் டிரைவும் சில சாம்பிள் முன்னாலோ பின்னாலோ படிக்கும். டேட்டாபேஸில் உள்ள பிரபலமான சிடி ஒன்றைப் போட்டால் மென்பொருளே அந்த எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஒருமுறை செய்தால் போதும்.

டேட்டாபேஸில் இல்லாத அரிய சிடி என்றால் ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் இரண்டு தடவை படித்து இரண்டு சிஆர்சியும் (இதுவும் ஒரு செக்சம்தான்) ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் இரண்டாவது தடவை வேறு டிரைவில். ஒரு டிராக் மட்டும் பொருந்தவில்லையென்றால் சிடியை மெல்லிய ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும், பிழைதிருத்தம் அதில்தான் தோற்கும். அப்படியும் சரிவரவில்லையா? க்யூடூல்ஸ் டேட்டாபேஸில் பழுதுபார்க்கும் தகவலும் சேமித்திருக்கிறார்கள். சிடி அதில் இருந்து, சேதம் சிறியதாகவும் இருந்தால் விடுபட்ட சாம்பிள்களை அப்படியே மீட்டுத் தரும்.

ஒரு டிராக்குக்கு ஒரு கோப்பு என்று எடுங்கள். முழு சிடியையும் ஒரே ஃபிளாக்காக்கி க்யூ ஷீட் (எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்புக் கோப்பு) வைப்பது அழகாகத் தெரியும், ஆனால் பாதி போன் பிளேயர்கள் அதை ஒரு மணி நேரப் பாட்டு ஒன்றாகக் காட்டும். க்யூவையும் ரிப் லாகையும் (ரிப் எப்படி நடந்தது என்ற பதிவு) மட்டும் ஃபோல்டரிலேயே விட்டுவையுங்கள், சில கேபிதான். 1980களில் வந்த சில சிடிகளில் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கும், அதாவது உச்ச ஒலிகள் வேண்டுமென்றே தூக்கிப் பதியப்பட்டிருக்கும். சிடி பிளேயர் அதைத் தானே இறக்கிவிடும், ரிப் செய்த கோப்பு இறக்காது. ஒரு பழைய ஆல்பம் மட்டும் கீச்சென்று கேட்டால் க்யூ ஷீட்டில் அந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

டேக்

நேரத்தில் பெரும்பகுதி போகும் இடம் இதுதான். போகட்டும்.

முதல் விதி, ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற புலத்தை ஒரு கோப்பிலும் காலியாக விடாதீர்கள். ஏழு பாட்டை ஏழு பேர் பாடிய திரைப்பட ஆல்பத்தில் ஆர்ட்டிஸ்ட் மட்டும் நிரப்பியிருந்தால், பல பிளேயர்களில் அது ஏழு ஆல்பமாகச் சிதறும். ஆர்ட்டிஸ்டில் பாடியவர்கள், ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர், கம்போசர் புலத்திலும் அவரே என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் தேடுவதற்கு வசதி. வேறு வழக்கமும் இருக்கலாம். 500 ஆல்பத்துக்கும் ஒன்றே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பல பாடகர்கள் இருந்தால் ஃபிளாக்கில் ஆர்ட்டிஸ்ட் புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எம்பி3யில் டேக் எழுதும் முறையான ஐடி3யின் 2.3 பதிப்பில் இதற்கு ஒழுங்கான வழி இல்லை. சில மென்பொருள் சாய்கோட்டால் பிரிக்கும், சில அரைப்புள்ளியால். சாய்கோட்டால் பிரிக்கும் மென்பொருள் ஏசி/டிசி குழுவை ‘ஏசி’, ‘டிசி’ என்று இரண்டு பேராக்கிவிடும். 2.4 பதிப்பில் இது சரியாகிவிட்டது, ஆனால் பழைய கார் பிளேயர்கள் 2.4ஐப் படிக்காமல் முழிக்கும்.

தமிழில் டேக் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி தனியே உண்டு. ஐடி3 முதல் பதிப்பில் தலைப்புக்கு மொத்தமே 30 பைட், அதுவும் லத்தீன் எழுத்துக்கு. இன்றைய மென்பொருள்கள் சில இன்னமும் அதைச் சேர்த்து எழுதுகின்றன. ஒரு பிளேயரில் பெயர் சரியாகவும் இன்னொன்றில் கேள்விக்குறி வரிசையாகவும் வந்தால், இரண்டாவது படிப்பது இந்தப் பழைய டேக்கை. டேக் திருத்தும் மென்பொருளான எம்பி3டேக்கில் அமைப்புகளுக்குள் போய் முதல் பதிப்பு டேக்கை நீக்கச் சொல்லிவிடுங்கள். எழுத்துக் குறியாக்கம் 2.3 வேண்டுமென்றால் யூடிஎஃப்-16, 2.4 என்றால் யூடிஎஃப்-8.

இன்னும் நுணுக்கமானது: ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் 6 பைட். ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என்று பிரித்து வைத்தால் 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ டிஸ்க்குகள் கோப்புப் பெயரைப் பிரித்த வடிவத்தில் வைக்கும், விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்தபடியே சேர்ந்த வடிவத்தில் வைக்கும். மேக்கிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு நகலெடுத்து, அடுத்த முறை விண்டோஸிலிருந்தும் நகலெடுத்தால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்கும். பிளேலிஸ்டில் உள்ள பாதைக்குக் கோப்பு கிடைக்காது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதே கதி. தீர்வு, எந்தக் கணினியில் வேலை செய்தாலும் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு, அதாவது என்எஃப்சிக்கு, மாற்றிவிட்டு ஏற்றுவது. ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் iconv அமைப்பைக் கொடுத்தால் நகலெடுக்கும்போதே இதைச் செய்யும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்பதால் 85 குறிகளில் முடிந்துவிடும், மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறி என்பதை மறக்க வேண்டாம். பாடகர் பட்டியலையெல்லாம் கோப்புப் பெயரில் திணித்தால் நகலெடுப்பது பாதியில் நிற்கும். பெயரில் எண்ணும் தலைப்பும் போதும், மீதி டேக்கில் இருக்கட்டும். கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக்குறி போன்றவற்றை விண்டோஸ் ஏற்காது என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

மொத்தமாக டேக் போட மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் சிறந்தது, முரட்டுத்தனமாகவும் நடந்துகொள்ளும். எடுத்த எடுப்பில் ‘ஸ்கேன்’ அழுத்தினால் அது ஒலிக்கைரேகையை வைத்து ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியே அடையாளம் காணும். ஒரே ஆல்பத்தின் பத்துப் பாட்டு பத்து வெவ்வேறு தொகுப்பு ஆல்பங்களுக்குப் போய் உட்காரும். முழு ஆல்பமாக இருப்பதை முதலில் ‘க்ளஸ்டர்’, பிறகு ‘லுக்-அப்’. ஸ்கேன் என்பது பெயரே தெரியாத அனாதைக் கோப்புகளுக்கு மட்டும். கோப்புகளை நகர்த்து, பெயர் மாற்று என்ற இரண்டையும் ஆரம்பத்தில் அணைத்துவைத்து, இருபது ஆல்பம் பார்த்து நம்பிக்கை வந்த பிறகு திறந்துவிடுங்கள். அதில் இல்லாத ஆல்பங்களுக்குக் கையால்தான் போட வேண்டும். அதற்கு எம்பி3டேக் அல்லது கிட்3. கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு பீட்ஸ்.

அட்டைப்படம் 600 முதல் 1000 பிக்சல், ஜேபெக், கோப்புக்குள்ளேயே பதிக்கலாம். ப்ரோக்ரெஸிவ் ஜேபெக்கைப் பல கார் பிளேயர்கள் காட்டாது, பேஸ்லைனாகச் சேமியுங்கள். 5 எம்பி ஸ்கேனைப் பன்னிரண்டு டிராக்கிலும் பதிப்பது வீண். அது ஃபோல்டரில் தனியாக இருக்கட்டும்.

ஒலி அளவைச் சமப்படுத்த ரீப்ளேகெயின் போடுங்கள். அது ஒலியைத் தொடாது. எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற எண்ணை டேக்கில் எழுதும். டிராக் கெயின் கலவைப் பட்டியலுக்கு, ஆல்பம் கெயின் முழு ஆல்பமாகக் கேட்பதற்கு. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் ஆர்எஸ்கெயினோ ஃபூபார்2000ஓ எழுதிவிடும். ஓபஸ் நகல்கள் மட்டும் தணிவாகக் கேட்டால் காரணம் இது: ரீப்ளேகெயின் 2.0 இலக்கு -18 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் உரப்பின் அளவு), ஓபஸின் ஆர்128 டேக் இலக்கு -23. அந்த 5 டெசிபலைக் கணக்கில் எடுக்காத பிளேயர்கள் இருக்கின்றன.

பிளேயர், சர்வர்

பிளேயரை அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஐம்பது ஆல்பத்தைக் கொடுத்து மூன்று சோதனை வையுங்கள். இடைவெளி இல்லாத ஆல்பம் விக்காமல் ஓடுகிறதா? வெளியே எம்பி3டேக்கில் ஒரு பெயரை மாற்றினால் பிளேயர் தானாகக் கவனிக்கிறதா? பிளேயரின் டேட்டாபேஸை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் எதெல்லாம் காணாமல் போகிறது? மூன்றாவதில்தான் முகமூடி கழலும். ஸ்டார் மதிப்பீடு, எத்தனை முறை கேட்டது, சேர்த்த தேதி, பிளேலிஸ்ட் இவற்றில் எது போனாலும் அது கோப்பில் இல்லை, மென்பொருளிடம் அடகில் இருக்கிறது என்று அர்த்தம். மதிப்பீட்டைக் கோப்பிலேயே எழுதும் வசதி மியூசிக்பீயில் உண்டு. எம்பி3யில் அது 0 முதல் 255 வரை ஓர் எண்ணாகப் பதியும். எந்த எண் எத்தனை ஸ்டார் என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லாததால் நான்கு ஸ்டார் வேறிடத்தில் மூன்றாகத் தெரிய வாய்ப்புண்டு. பிளேலிஸ்டை அவ்வப்போது எம்3யூ8 கோப்பாக, சார்புப் பாதையோடு ஏற்றுமதி செய்து வையுங்கள்.

விண்டோஸில் மியூசிக்பீ உடனே பழகிவிடும். ஃபூபார்2000 கட்டிக்கொள்ள நேரமெடுக்கும், கட்டியபின் அசையாது, மாற்றும் வேலைக்கும் சோதனை வேலைக்கும் அதைவிட்டால் ஆளில்லை. லினக்ஸில் ஸ்ட்ராபெரி, க்வாட் லிபெட். மேக்கில் ஃபிளாக் வேண்டுமென்றால் ஸ்வின்சியன். ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப்.

வீட்டுச் சர்வர் வைக்கத் தயார் என்றால் நேவிட்ரோம் இலகுவானது, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போதும். சப்சானிக் என்ற பொதுவான இணைப்பு முறையில் பேசுவதால் போனில் சிம்ஃபோனியம் போன்ற பல செயலிகள் அதோடு இணையும். வெளியே போகும்போது ஃபிளாக்கை ஓபஸாக மாற்றி அனுப்பும், அதனால் தனி நகல் எடுக்கும் வேலைகூட மிச்சமாகலாம். அது ஃபோல்டரைப் பார்க்காது, டேக்கை மட்டுமே பார்க்கும். மேலே டேக்குக்கு இவ்வளவு அழுத்தம் கொடுத்ததன் பலன் அங்கே தெரியும். இசை ஃபோல்டரை அதற்குப் படிக்க மட்டும் அனுமதியோடு கொடுங்கள். சினிமாவும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஜெல்லிஃபின், பல அறைகளில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் லைரியன். ரூன் நன்றாக இருக்கும், ஆனால் சந்தாவோ ஆயுள் உரிமமோ காசு கொடுத்து வாங்க வேண்டும்.

பேக்கப்பும் பழைய எம்பி3களும்

ரெய்ட் (ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் சேர்ந்தே வைக்கும் முறை) பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நீங்களே தப்பாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழிக்கும். தனி டிஸ்க் ஒன்றில் நகல், வேறு கட்டிடத்தில் இன்னொன்று. ஒத்திசைவு மென்பொருளில் ‘மூலத்தில் இல்லாததை அழி’ என்பதை அணைத்துவையுங்கள், அல்லது அழிவதைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்தச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பேக்கப் டிஸ்க்கில் உள்ள ஃபிளாக் அனைத்தையும் சோதனை முறையில் ஓடவிடுங்கள். 200 ஜிபிக்குச் சில மணி நேரம் ஆகும், எம்டி5 பொருந்தாத கோப்புகளின் பட்டியல் கையில் வரும். கெட்டுப்போன கோப்பைக் கண்டுகொள்ளாமல் அதை நல்ல நகலின் மேல் எழுதுவதுதான் தொகுப்புகள் மெல்ல அரிக்கப்படும் வழி.

எம்பி3களை ஃபிளாக்காக மாற்றினால் தரம் ஏறாது, அளவுதான் ஏறும். கூடவே பின்னால் எது உண்மையான லாஸ்லெஸ் என்ற அடையாளமும் அழியும். 320ஐ ஓபஸாக்கினாலும் இரண்டு முறை சுருக்கிய சேதம்தான் மிச்சம். அப்படியே விட்டுவிட்டு, கோடெக் எம்பி3, பிட்ரேட் 192க்குக் கீழ் என்று ஒரு தானியங்கிப் பட்டியல் போடுங்கள். சிடியோ லாஸ்லெஸ் பதிப்போ கிடைக்கும்போது அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றலாம்.

வெளியிலிருந்து வந்த ஃபிளாக் மேல் சந்தேகம் இருந்தால், ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது மாதிரி நேர்கோடாக ஒலி நின்றால் அது 128 எம்பி3யிலிருந்து வந்ததாக இருக்கலாம். 20ல் வெட்டினால் 320. பழைய டேப் பதிவுகளிலும் உச்ச ஒலி இருக்காது. ஆனால் அங்கே அது படிப்படியாக மங்கும், இரைச்சல் மேலே தொடரும், நேர்கோடு விழாது. அந்த வித்தியாசம் தெரியாமல் அசல் பழைய பதிவைப் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேறு எங்கும் கிடைக்காத பதிவு 96 கேபிபிஎஸ் எம்பி3யாகவே இருந்தால் அதுதான் உங்கள் மூலப் பிரதி. அதையும் மூல ஃபோல்டரில் வைத்து, டேக் போட்டு, பேக்கப்பில் சேருங்கள். எம்பி3யில் எம்டி5 இல்லை என்பதால் அவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு செக்சம் கோப்பு உருவாக்கி அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். டேக் வேலையெல்லாம் முடித்தபின் உருவாக்குங்கள். முன்னாலேயே செய்தால் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் செக்சம் பொருந்தாது.